பெண்ணின் தனித்திருத்தலும் தோழியரின் துணையும்: ஊவாவிலிருந்து சில குறிப்புகள்

'இத்தா' என்ற அரபுச் சொல்லின் வேர்ப்பொருள் எண்ணுதல் என்பதுதான். நாள்களை எண்ணி முடிக்கும் காலம் அது. கணவனை இழந்தவளுக்கு நான்கு மாதமும் பத்து நாளும் என்று அல்குர்ஆன் (2:234) வரையறுக்கிறது. அவள் கர்ப்பிணியாக இருந்தால் பிரசவத்தோடு இத்தா முடிகிறது. ஆனால் பதுளைப் பக்கத்தில் "அவ இத்தா இரிக்கிறா" என்று சொன்னால் கேட்பவர் மனதில் எண்ணிக்கை எதுவும் வராது. ஓர் அறைதான் வரும். சாத்திய கதவு, வெள்ளை உடுப்பு, துணி போட்டு மூடிய கண்ணாடி, கதவுக்கு வெளியே குசுகுசுப்பு.

எங்கள் பெண்களுக்குத் தனித்திருத்தல் புதிதல்ல. பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு நாற்பது, கணவன் மவுத்தானால் இத்தா என்று வாழ்க்கை அவளை இரண்டு தடவையாவது வீட்டுக்குள் இருத்திவிடுகிறது. இரண்டும் அவள் கேட்டு வந்தவையல்ல. இப்போது என் மகள்மார் வயதுப் பெண்கள் மூன்றாவதாக ஒன்றைக் கேட்கிறார்கள். "ஒரே ஒரு நாள், யாரும் கூப்பிடாம, நான் என்னோட இருக்கணும்" என்கிறார்கள். அதைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் உண்டு. மேல்நாட்டுப் பழக்கம், சோம்பேறித்தனம் என்பார்கள். என் பார்வை வேறு. பெண் தனித்திருப்பதற்கு நமது மரபில் இடம் தாராளமாக இருக்கிறது. அந்தத் தனிமைக்குள் இன்னொரு பெண் வந்துபோவதற்கும் அதே மரபு வழி வைத்திருக்கிறது. நாம் முதலாவதைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதைக் கைவிட்டோம். அதனால்தான் நம் வீடுகளில் தனிமை மருந்தாகாமல் தண்டனையாகிவிட்டது.

இத்தாவிலிருந்தே தொடங்குவோம். கணவனை இழந்தவள் வீட்டில் தங்க வேண்டும் என்பதற்கு அடிப்படையாக வருவது புரைஆ பின்த் மாலிக் (ரலி) அவர்களின் செய்தி. தப்பியோடிய அடிமைகளைத் தேடிப்போன இடத்தில் அவரது கணவர் கொல்லப்பட்டார். தாய்வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டு வந்த அவரிடம், தவணை முடியும்வரை இருந்த வீட்டிலேயே இருக்கும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். பின்னர் கலீபா உஸ்மான் (ரலி) அவர்கள் இவரையே அழைத்து விசாரித்து, அதன்படி தீர்ப்பளித்தார்கள். இவ்வளவும் நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

இதன் மறுபக்கத்தைத்தான் அதிகம் பேர் கேள்விப்பட்டதில்லை. ஹிஜ்ரி 3இல் நடந்த உஹுதுப் போரில் பல பெண்கள் ஒரே நாளில் விதவையானார்கள். இரவில் தனிமை வாட்டுகிறது, நாங்கள் ஒருத்தி வீட்டில் கூடித் தங்கிக்கொள்ளலாமா என்று அவர்கள் கேட்டபோது, ஒருவர் வீட்டில் கூடிப் பேசியிருங்கள், தூக்கம் வரும்போது அவரவர் வீட்டுக்குப் போய்விடுங்கள் என்று நபியவர்கள் அனுமதித்ததாக முஜாஹித் என்ற தாபிஈ அறிவிக்கிறார். இடையில் ஸஹாபியின் பெயர் இல்லாத முர்ஸல் வகை அறிவிப்பு இது. ஆனாலும் இமாம் ஷாபிஈ அவர்கள் இதை எடுத்தாண்டிருக்கிறார்கள். மத்ஹபின் நிலைப்பாடும் இதை ஒட்டியே அமைந்தது.

இலங்கை முஸ்லிம்களில் பெரும்பான்மையினர் ஷாபிஈ மத்ஹபைச் சேர்ந்தவர்கள். நமது அரபு மத்ரஸாக்களுக்கு நன்கு பழக்கமான நூல் இமாம் நவவி (ஹிஜ்ரி 676இல் மறைந்தவர்) எழுதிய மின்ஹாஜ். கணவனை இழந்து இத்தாவில் இருப்பவள் பகலில் உணவு வாங்கவும், நூல் விற்கவும், அதைப் போன்ற தேவைகளுக்கும் வெளியே போகலாம் என்கிறது அந்நூல். அதோடு நிற்கவில்லை. இரவில் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் நூல் நூற்கவும் பேசிக்கொண்டிருக்கவும் போகலாம், திரும்பி வந்து தன் வீட்டில் தூங்க வேண்டும் என்பதே நிபந்தனை என்று சொல்கிறது. பேசிக்கொண்டிருக்க! ஒரு சட்ட நூல் பெண்ணின் பேச்சுத்துணையை உணவு வாங்குவதற்கு அடுத்த வரிசையில் வைத்திருக்கிறது. பிற்கால உரையாசிரியர் சிலர் இதற்கு இன்னொரு நிபந்தனை சேர்த்தார்கள். வீட்டிலேயே அவளுடன் பேசி ஆறுதல் சொல்ல ஆள் இருந்தால் வெளியே போகும் அனுமதி இல்லை என்பது அது. மேலோட்டமாகப் பார்த்தால் இது இறுக்கம்போலத் தெரியும். எனக்கு அது வேறு விதமாகப் படுகிறது. பேச்சுத்துணை என்பது எப்படியாவது நிறைவேறியாக வேண்டிய ஒரு தேவை என்று அவர்கள் ஏற்றுக்கொண்டால் மட்டுமே அப்படி ஒரு நிபந்தனை எழ முடியும்.

என் கணவர் வஃபாத்தான பின் நானும் இந்த நான்கு மாதம் பத்து நாளை இருந்து முடித்தவள்தான். எங்கள் வீடு பதுளைக் கடைத்தெரு வீடுகளின் அமைப்புக் கொண்டது. முன்னால் கடை, நடுவில் சாமான் அறை, பின்னால் குடும்பம். கடைக்கு ஆண்கள் வந்துபோவதால் பின்வீட்டுக் கதவு எப்போதும் சாத்தியே இருக்கும். முதல் ஏழு நாளும் வீடு நிறைய சனம். நாற்பதாம் நாள் கத்தமும் முடிந்தது. பிறகு ஒருவரும் இல்லை. "இத்தா வீட்டுக்குப் போய்க் கரைச்சல் குடுக்கக் கூடாது" என்று மரியாதையாக விலகிக்கொண்டார்கள். மூன்றாவது வீட்டிலிருந்து தையல் வேலை செய்யும் ஒரு தாத்தா மட்டும் அஸருக்குப் பிறகு வருவா. கையில் காஜா எடுக்க வேண்டிய பாடசாலைச் சட்டைகள் இருக்கும். "புள்ள, இந்த ஊசிக்கு நூல் கோத்துத் தா, என்ட கண்ணுக்குத் தெரியுதில்ல" என்பதுதான் பேச்சின் தொடக்கம். ஆறுதல் வார்த்தை ஒன்றுகூட அவ சொன்னதாக நினைவில்லை. மூன்று மணி நேரம் சட்டைகளைப் பற்றியும், மிளகாய் விலையைப் பற்றியும், அவட மருமகனைப் பற்றியும் பேசுவா. பல வருடங்களுக்குப் பிறகு ஓர் ஆலிமாவிடம் மேலே சொன்ன மின்ஹாஜின் பகுதியைப் பாடமாகக் கேட்டபோது, நூல், பேச்சு, பக்கத்து வீட்டுப் பெண் என்ற மூன்று சொல்லும் ஒன்றாக வந்த இடத்தில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்தத் தாத்தா கிதாப் ஓதியவவல்ல.

ஆயிஷா (ரலி) அவர்கள் மீது அவதூறு கிளம்பிய நாள்களைப் பற்றிய நீண்ட ஹதீஸ் புகாரியில் உண்டு. பெற்றோர் வீட்டில் இரண்டு இரவும் ஒரு பகலும் அழுதபடியே இருந்த அவரிடம் ஓர் அன்ஸாரிப் பெண் அனுமதி கேட்டு வந்தார். உட்கார்ந்தார். கூடச் சேர்ந்து அழுதார். அவ்வளவுதான். பெயர் இல்லை, சொன்ன வார்த்தை இல்லை. அவதூறு தீர வானிலிருந்து வஹீ வர வேண்டியிருந்தது. அதற்கு முந்தைய அந்த மணித்தியாலங்களை ஒரு பெயரற்ற பெண்தான் பகிர்ந்துகொண்டார். ஆயிஷா நாயகி அதை மறக்காமல் சொல்லி வைத்ததால் நமக்குத் தெரிகிறது.

தல்பீனா பற்றிய செய்தியும் அவரிடமிருந்து வருவதே. குடும்பத்தில் மவுத்து நடந்து, கூடிய பெண்கள் கலைந்து, வீட்டாரும் நெருங்கியவர்களும் மட்டும் மிஞ்சும்போது வாற்கோதுமை மாவில் கஞ்சிபோன்ற தல்பீனாவைக் காய்ச்சச் சொல்வார்கள். ரொட்டியைப் பிய்த்துப் போட்ட தரீத் உணவின் மேல் அதை ஊற்றிப் பரிமாறச் செய்வார்கள். நோயாளியின் நெஞ்சுக்கு அது இதம், கவலையில் கொஞ்சத்தைப் போக்கும் என்று நபியவர்கள் சொன்னதை எடுத்துக் கூறுவார்கள். இங்கே அந்த நேரத்தைக் கவனிக்க வேண்டும். கூட்டம் போன பிறகு! நம் ஊரில் கூட்டம் இருக்கும்போது மட்டும்தான் சட்டி அடுப்பேறுகிறது.

பிள்ளைப்பேற்று நாற்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாற்பது என்பது மார்க்கம் போட்ட பூட்டு அல்ல. ஷாபிஈ மத்ஹபில் நிபாஸின் வழமையான அளவு நாற்பது நாள், கூடிய அளவு அறுபது நாள். உதிரம் எப்போது நிற்கிறதோ அப்போது குளித்துத் தொழ வேண்டியதுதான். மீதி நாள்கள் உடல் தேறுவதற்காக மூத்த பெண்கள் ஏற்படுத்திய ஏற்பாடு. நல்ல ஏற்பாடு என்றே சொல்வேன். சரக்கு அரைத்துக் கறி வைத்து, வெந்நீர் வார்த்து, பிள்ளையை இன்னொருத்தி மடியில் வாங்கிக்கொள்வது பெற்றவளுக்குத் தூக்கம் கொடுக்கும். ஆனால் உம்மா தூரத்தில், மாமி நோயாளி, தாத்தா வெளிநாட்டில் என்று ஆகிவிட்ட வீட்டில் நாற்பது மட்டும் மிஞ்சி, ஆள் இல்லாமல் போனால் என்ன நடக்கும்? பச்சை உடம்புக்காரி தனியே இருட்டில் இருப்பாள். அவள் பிள்ளையைப் பார்க்க மறுத்தாலும், பல இரவுகள் தூங்காமல் கிடந்தாலும், செத்துப்போனால் தேவலை என்று பேசினாலும் ஓதிப் பார்ப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். வீட்டுக்கு வரும் மிட்வைஃப் மிஸ்ஸிடம் சொல்லுங்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். தோழமைக்கு எல்லை உண்டு, அது வைத்தியத்துக்குப் பதிலாகாது.

இனி, பெண் தானாக விரும்பிக் கேட்கும் தனிமைக்கு வருவோம். ரமழான் கடைசிப் பத்து வந்தால் "பொம்பளைகள் வீட்டுல இஃதிகாப் இருக்கலாமா?" என்ற கேள்வி தவறாமல் எழும். ஹனபி மத்ஹபில், வீட்டில் தொழுகைக்கென ஒதுக்கிய இடத்தில் பெண் இஃதிகாப் இருக்கலாம். ஷாபிஈ மத்ஹபில் இமாமவர்களின் பழைய கருத்து அதை ஏற்றது. ஆனால் மத்ஹபில் நிலைபெற்ற புதிய கருத்துப்படி ஆணுக்கும் பெண்ணுக்கும் பள்ளிவாசலில்தான் இஃதிகாப் நிறைவேறும். நபியவர்களுக்குப் பிறகு அவர்களுடைய மனைவியர் இஃதிகாப் இருந்தது புகாரியில் பதிவாகியிருக்கிறது. ஆக, பெண்கள் தங்குவதற்கு வசதியில்லாத பள்ளிவாசல் உள்ள ஊரில், ஷாபிஈப் பெண்ணுக்கு இஃதிகாபின் வாசல் நடைமுறையில் அடைபட்டுவிடுகிறது. பள்ளி நிர்வாகங்கள் யோசிக்க வேண்டிய விஷயம் அது.

ஆனால் இஃதிகாப் என்ற பெயர் இல்லாவிட்டால் தனித்திருப்பதே கூடாது என்றாகுமா? தமிழ் பேசும் முஸ்லிம் பெண்களிலேயே ஒரு முன்னோடி உண்டு. ஊவாவின் தோட்டப்புற நகரங்களில் கடை போட்டவர்களில் கணிசமானோர் கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற கரையோர ஊர்களின் உறவுக்காரர். அந்தக் கீழக்கரையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிறந்த செய்யிது ஆசியா உம்மா என்ற ஞானப் புலவர், வீட்டு மேல்மாடியிலேயே பெரும்பொழுதும் தனித்திருந்து தியானத்தில் ஈடுபட்டதால் 'மேல்வீட்டுப் பிள்ளை' என்று அழைக்கப்பட்டார். அவர் பாடிய ஞானப் பாடல்கள் நூலாகவும் வந்தன. ஊர் அவரைப் பைத்தியம் என்று சொல்லி இறக்கிவிடவில்லை, பெயர் வைத்து மதித்தது. மேல்வீட்டில் ஒருத்தி இருக்க வேண்டுமானால் கீழ்வீட்டில் யாரோ சோறாக்கியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். அவர்களின் பெயரையும் எவரும் எழுதி வைக்கவில்லை.

பெண்கள் நபியவர்களிடம் போய், ஆண்களே உங்களை முழுதும் எடுத்துக்கொள்கிறார்கள், எங்களுக்கென ஒரு நாள் தாருங்கள் என்று கேட்டதும், நபியவர்கள் ஒரு நாளைக் குறித்துக் கொடுத்ததும் புகாரியில் இருக்கிறது. அது பாடம் கேட்பதற்கான நாள், ஓய்வெடுக்கும் நாளல்ல. ஆனாலும் 'எங்களுக்கு ஒரு நாள்' என்று வாய்விட்டுக் கேட்பது வெட்கக்கேடல்ல என்பதற்கு அது போதும்.

எங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலுமாக ஆறு பெண்கள் இதை ஒரு முறையாகச் செய்துவருகிறோம். அமைப்பு, பதிவு, தலைவி எதுவும் கிடையாது. மாதத்தில் ஒருத்தியின் முறை. சுபஹ் தொழுதது முதல் அஸர் வரை அவள் தன் வீட்டில் ஓர் அறையில் இருப்பாள். போன் இன்னொருத்தியிடம் போய்விடும். பிள்ளைகள் ஒரு வீட்டுக்கு, பகல் சோறு இன்னொரு வீட்டிலிருந்து. மாமியார் இருந்தால் அவரோடு உட்கார்ந்து பேச ஓர் ஆள். இதுதான் மிக முக்கியமான பொறுப்பு, அதற்கு எப்போதும் என்னைத்தான் அனுப்புகிறார்கள்! உள்ளே இருப்பவள் ஓதுவாளா, தொழுவாளா, சும்மா இருப்பாளா என்று நாங்கள் கேட்பதில்லை. இதற்கு இஃதிகாப் என்று பெயரும் வைக்கவில்லை. இல்லாத இபாதத்துக்குப் பெயர் கொடுத்தால் நாளை அது வேறொரு தர்க்கமாகிவிடும்.

முதல் முறை இருந்தவள் மூன்று பிள்ளைகளின் தாய். லுஹருக்கு எழுந்து தொழுததைத் தவிர நாள் முழுவதும் தூங்கினாள். "இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்று அவளுடைய கணவர் கேட்டாராம். ஸைனப் (ரலி) அவர்கள் தொழுது களைக்கும்போது பிடித்துக்கொள்வதற்காகப் பள்ளிவாசலின் இரு தூண்களுக்கிடையே கட்டியிருந்த கயிற்றை நபியவர்கள் அவிழ்க்கச் சொன்னார்கள். உற்சாகம் உள்ளவரை தொழுங்கள், களைத்தால் உட்கார்ந்து ஓய்வெடுங்கள் என்றார்கள். நம் வீடுகளில் எத்தனை கயிறு கட்டிக் கிடக்கிறது என்று அவருக்குச் சொல்லி அனுப்பினோம். அடுத்த மாதம் அவரே பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்.

இரண்டு விஷயத்தில் மட்டும் நாங்கள் கண்டிப்பு. ஒருத்தி வீட்டுக்குள் கண்டதையும் கேட்டதையும் வெளியே கொண்டுபோகக் கூடாது, மஜ்லிஸ் அமானிதம். அடுத்தது, உதவியைக் கணக்குப் பார்த்துத் திருப்பிக் கேட்கக் கூடாது. முதலாவதை மீறியதால் ஒருத்தி விலக நேர்ந்தது. ஆறு பேர் என்று சொன்னேனே, தொடக்கத்தில் ஏழு.

என் உம்மா காலத்தில் இந்தத் துணையை வானொலி கொஞ்சம் செய்தது. முஸ்லிம் சேவையில் 'மாதர் மஜ்லிஸ்' ஒலிக்கும்போது அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒரு வீட்டு வானொலியைச் சுற்றிக் கூடுவார்கள். நிகழ்ச்சி முடிந்தபிறகுதான் உண்மையான மஜ்லிஸ் தொடங்கும். இப்போது அவரவர் போன் அவரவர் கையில்.

இவ்வளவும் கதவும் அறையும் உள்ளவர்களின் கதை. நகரத்திலிருந்து சிறிது தூரம் மேலே ஏறினால் தேயிலை மலை. அங்கே பழைய லயக் காம்பரா 10 அடிக்கு 12 அடி. பல லயங்களில் நடுச்சுவர் கூரையைத் தொடாது. இருமினால் நாலு காம்பராவுக்குக் கேட்கும். அங்கே தனித்திருப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. நாட்கூலி 1000 ரூபாயாவதற்கே 2021 மார்ச் வரை போராட வேண்டியிருந்தது. பெரட்டுக்குப் போகாவிட்டால் பேர் இல்லை, பேர் இல்லாவிட்டால் சம்பளம் இல்லை. பிரசவ விடுமுறையில் மூன்றாவது பிள்ளையிலிருந்து பாதியாகக் குறைத்திருந்த சட்டம் 2018இல்தான் திருத்தப்பட்டு, எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாள் என்றானது. அரச உத்தியோகத்தில் உள்ள முஸ்லிம் பெண்ணுக்கு இத்தா விடுமுறை உண்டு. தோட்டத்துப் பேர்ப் புத்தகத்தில் அப்படி ஒரு பத்தி இல்லை. தோட்டங்களில் சொற்பமாக வாழும் நம்மவர் குடும்பத்தில் ஒருத்தி விதவையாகிக் கொழுந்தெடுக்கப் போனால், "இத்தாவை முறிச்சிட்டா" என்று நகரத்திலிருந்து பேச எவருக்கும் உரிமையில்லை. பகலில் தேவைக்கு வெளியே போகலாம் என்று மின்ஹாஜ் எழுதியது இவளைப் போன்றவளுக்காகத்தான். தலாக்கான தன் சாச்சி இத்தாவில் பேரீச்சங்குலை வெட்டப் போக நபியவர்கள் அனுமதித்ததை ஜாபிர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. மரத்தில் பேரீச்சை, மலையில் கொழுந்து.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். லயத்தில் அறை இல்லை, ஆள் இருக்கிறது. ஒருத்தி பிள்ளை பெற்றால் பக்கத்துக் காம்பராக்காரி தண்ணீர் சுட வைக்கிறாள். பிள்ளைக்காம்பராவில் விட்ட குழந்தையை வரும்வழியில் தூக்கி வருகிறாள். கடைத்தெருவில் எங்களுக்கு அறை இருக்கிறது, ஆளைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

எங்கள் கடைக்குப் பல வருடமாகச் சாமான் வாங்க வரும் தமிழ்ப் பெண்ணொருத்தி, கொழுந்தெடுப்பவள், என் இத்தாவின்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பின்கதவால் வந்து உட்கார்ந்துவிட்டுப் போவாள். இதைச் சிலர் கேள்வியாக்கினார்கள். மாற்றுமதப் பெண்ணின் முன் எவ்வளவு மறைக்க வேண்டும் என்பதில் ஷாபிஈ நூல்களில் தனிப் பேச்சு உண்டு. வீட்டு வேலையின்போது சாதாரணமாக வெளித்தெரியும் அளவு தெரியலாம் என்பதே அதன் சாரம். கூட இருந்து பேசுவதற்கு அங்கே தடை இல்லை. யூதப் பெண்கள் ஆயிஷா (ரலி) அவர்களின் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து பேசியதும், கப்றின் வேதனையைப் பற்றி அவர்கள் சொன்னதை ஆயிஷா நாயகி நபியவர்களிடம் விசாரித்ததும் புகாரியில்தான் இருக்கிறது.

அவள் இரண்டு வருடத்துக்கு முன் தன் புருஷனைப் பறிகொடுத்தவள். எட்டாம் நாளே மலைக்குப் போனவள். "அக்கா, நாலு மாசம் பத்து நாளு ஒங்களுக்குக் குடுத்திருக்காங்க. எனக்கும் யாராவது குடுத்திருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்" என்றாள் ஒரு நாள். எங்கள் ஏற்பாட்டில் அவளுக்கும் ஒரு முறை வைக்கலாமா என்று அண்மையில் பேசிக்கொண்டோம். அறை என் வீட்டில் இருக்கிறது. அவளுடைய ஒரு நாள் கூலியை ஆறு பேரும் பங்கு போட்டுக்கொள்வதென்று முடிவாகியிருக்கிறது. பேரப்பிள்ளையை யார் பார்ப்பது என்பது மட்டும் இன்னும் தீரவில்லை.